கொடியேறும் நாள், அறுவடை நாள்: சாப்பிடப் போகும் பயணங்கள்

சாப்பாட்டுக்காகவே டிக்கெட் எடுத்துப் போகத் தகுந்த திருவிழாக்கள் எவை என்று கேட்டு வந்த கடிதங்களில் எட்டுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஏழு கடிதங்கள் நம் மொரிஷியஸிலிருந்து, ஒன்று பக்கத்து ரீயூனியனிலிருந்து.

கேள்வி: நானும் கணவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். ஆண்டுக்கு ஒரு உணவுத் திருவிழா பார்க்க ஆசை. இணையத்தில் "கட்டாயம் போக வேண்டிய முப்பது" என்று பட்டியல் பட்டியலாக வருகிறது. தேதியோ இடத்துக்கு இடம் மாறுகிறது. எதை நம்புவது?
— வாசகி, ரோஸ்ஹில்

பதில்: பட்டியலை மூடி வைத்துவிட்டு ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: இந்த விழாவுக்கு நாள் குறிப்பது எது? நம் காவடிக்கு நாள் குறிப்பது தை மாதப் பூசம். லீவு வசதிக்காக அதை யாரும் தள்ளிப்போட முடியாது. அதுபோல நிலவோ விரதமோ அறுவடையோ நாள் குறிக்கும் விழாவில் சாப்பாடும் உண்மையாக இருக்கும். சமைப்பவர்கள் தங்களுக்காகவே சமைக்கிறார்கள், நாம் போய்ப் பந்தியில் உட்காருகிறோம். விளம்பரத்துக்காகக் கூட்டிய விழாவில் ஒரே மாதிரிக் கடைகள்தான் இருக்கும், அவற்றுக்காகக் கடல் தாண்ட வேண்டியதில்லை.

நாள் குறிப்பது எது என்று தெரிந்தால் தேதிக் குழப்பமும் தீரும். தாய்லாந்தின் பூக்கெட் சைவத் திருவிழா சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாத அமாவாசையை ஒட்டித் தொடங்குவது. ஆகவே ஆங்கிலத் தேதி ஒவ்வோர் ஆண்டும் மாறும். செப்டம்பர் கடைசியிலும் வரும், அக்டோபர் கடைசியிலும் வரும். அயர்லாந்தின் கால்வே சிப்பித் திருவிழா செப்டம்பர் கடைசி வார இறுதி. இத்தாலியின் பிரா ஊரில் நடக்கும் பாலாடைக்கட்டித் திருவிழா ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், செப்டம்பரில். 2026-ல் பிராவுக்குப் போனால் ஊர் இருக்கும், விழா இருக்காது. அதை நடத்தும் ஸ்லோ ஃபுட் அமைப்பு இரட்டைப்படை ஆண்டுகளில் பக்கத்து டூரின் நகரில் வேறொரு பெரிய விழா வைக்கிறது. நின்றுபோன விழாக்களும் பட்டியல்களில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. பெரு நாட்டின் லீமாவில் 2008-ல் தொடங்கிப் பெரும்பெயர் எடுத்த மிஸ்துரா விழா 2017-க்குப் பிறகு நடக்கவில்லை. அதைப் பரிந்துரைக்கும் பட்டியல் கண்ணில் பட்டால், அந்தப் பட்டியலில் உள்ள மற்றதையும் சரிபார்க்காமல் நம்பாதீர்கள்.

பதிவு செய்யும் வரிசை முக்கியம். முதலில் ஊராட்சியோ விழாக்குழுவோ தன் தளத்தில் அந்த ஆண்டுத் தேதியை வெளியிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து அறை, அதுவும் ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாக. விமானச் சீட்டு கடைசியில். பலர் மலிவு என்று சீட்டை முதலில் எடுத்துவிட்டு, சின்ன ஊரில் அறை கிடைக்காமல் ஐம்பது கிலோமீட்டர் தள்ளித் தங்குகிறார்கள். இரவு விருந்து முடியும்போது கடைசி ரயில் போயிருக்கும்.

கேள்வி: பதினைந்து ஆண்டாகக் காவடி எடுக்கிறேன். பூக்கெட்டில் நம்மைப் போலவே அலகு குத்திக்கொண்டு சைவ விரதம் இருக்கிறார்களாமே? அங்கே சாப்பாடு நமக்கு ஒத்துவருமா? பால், தயிர் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.
— வாசகர், த்ரியோலே

பதில்: பால், தயிர் கிடைக்காது. அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தால், விரதம் இருக்கும் ஒரு தமிழருக்கு உலகத்தில் இதைவிடப் பொருத்தமான உணவுத் திருவிழா இல்லை.

இது ஒன்பது பேரரசத் தெய்வங்களுக்குச் சீனர்கள் எடுக்கும் விழா, ஒன்பது நாள். 1825-ல் கத்து என்ற வெள்ளீயச் சுரங்க ஊருக்கு வந்த நாடகக் குழுவினர் நோயில் விழுந்து, சைவ விரதம் இருந்து தேறினார்கள் என்பது அங்கு வழிவழியாகச் சொல்லும் கதை. முதல் நாளுக்கு முந்தைய மாலையில் ஒவ்வொரு கோயிலிலும் உயரமான மூங்கில் கம்பம் நட்டு ஒன்பது விளக்கு ஏற்றுவார்கள். நம் கொடியேற்றம் கண்ணுக்குள் வந்து நிற்கும். அந்த மாலைக்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

கடை அடையாளம் மஞ்சள் கொடி. அதில் சிவப்பில் ஒரு தாய் எழுத்துக் குறி இருக்கும். தாய் மொழி தெரியாதவர் கண்ணுக்கு அது 17 என்ற எண் போலவே தெரியும். "ஜே" என்று படிக்க வேண்டும். ஜே சமையலில் இறைச்சி, மீன், முட்டை, பால் கிடையாது. பூண்டு, வெங்காயம், வெங்காயத்தாள் போன்ற கார வாசனைப் பொருள்களும் கிடையாது. வழக்கமான தாய் சமையலில் எதற்கும் ஊற்றும் மீன் சாறுக்குப் பதிலாகச் சோயா சாறு. தாய் மொழியில் சைவத்துக்கு "மங்ஸவிரத்" என்றும் ஒரு சொல் உண்டு, ஆனால் அதில் முட்டையும் பாலும் அடங்கும். அதனால் எங்கே கேட்டாலும் "ஜே" என்றே கேளுங்கள். ஜே விரதக்காரர்களில் சிலர் சிப்பியை மட்டும் விலக்குவதில்லை. முட்டைத் தோசை போல் கல்லில் சுட்ட பண்டம் எதையாவது நீட்டினால் உள்ளே என்ன என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தட்டில் வாத்து போலவும் மீன் போலவும் கிடப்பவை கோதுமைப் பசையாலும் சோயாவாலும் செய்தவை. பார்த்து மிரள வேண்டாம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் தொடக் கூடாது. எங்கள் சிபாரிசு வேறு: மஞ்சள் நூடுல்ஸ் வதக்கல், சேப்பங்கிழங்கு வறுவல், வேர்க்கடலையும் புளியும் கலந்த குழம்பில் தொட்டுத் தின்னும் பொரித்த டோஃபு. எண்ணெய்ச் சட்டியை எட்டிப் பாருங்கள். எண்ணெய் கறுத்து, ஓரத்தில் நுரை அடங்காமல் நின்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். கோயில் மடைப்பள்ளியிலும் சாப்பாடு உண்டு. ஊர்க்காரர்கள் அடுக்குத் தூக்கோடு வந்து வாங்கிப் போவதைப் பார்க்கலாம்.

ஊர்வலங்கள் விடிந்ததும் தொடங்கும், ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு நாள். பூக்கெட் டவுனில் ஜுய் துய், பாங் நியவ் இரண்டும் பெரியவை. சரம் சரமாகப் பட்டாசைக் காலடியிலேயே வெடிப்பார்கள். முழுக்கை வெள்ளைப் பருத்திச் சட்டை, மூடிய செருப்பு, கண்ணாடி, காதுக்குப் பஞ்சு நான்கும் வேண்டும். நைலான் உடுத்தினால் பொறி பட்ட இடம் உருகித் தோலில் ஒட்டும். துக்கத் தீட்டு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சடங்கைப் பார்க்கக் கூடாது என்பது அவர்கள் விதி. நம் கோயிலில் எப்படி நடந்துகொள்வோமோ அப்படியே நடந்துகொள்ளுங்கள். கடைசி நள்ளிரவில் சபான் ஹின் கடற்கரையில் தெய்வங்களை வழியனுப்புகிறார்கள். அதைப் பார்க்காமல் திரும்ப வேண்டாம்.

கேள்வி: அக்டோபரில் கல்யாணம், இத்தாலிக்குப் போகிறோம். ஆல்பாவின் வெள்ளை ட்ரஃபிள் விழாவுக்கு இரண்டு நாள் ஒதுக்கலாமா? கிராம் கணக்கில் விலை என்கிறார்களே, ஏமாறாமல் வாங்குவது எப்படி?
— வாசகர், க்யூர்பிப்

பதில்: தாராளமாக ஒதுக்கலாம். ஆனால் சனி, ஞாயிறாகப் பாருங்கள். சந்தை வார இறுதியில்தான் கூடும். அக்டோபர் தொடங்கி டிசம்பர் தொடக்கம் வரை நீளும் விழா. அக்டோபர் முதல் வாரத்தைவிட நவம்பரில் சரக்கு நன்றாக இருக்கும். குளிரும் ஈரமும் ஏற ஏறத்தான் ட்ரஃபிள் முதிரும்.

ட்ரஃபிள் என்பது மண்ணுக்கடியில் ஓக், பாப்லர், ஹேசல் போன்ற மரங்களின் வேரோடு ஒட்டி வளரும் பூஞ்சை. வெள்ளை வகையை யாராலும் தோட்டப்பயிராக நம்பி வளர்க்க முடியவில்லை. நாய் மோப்பம் பிடித்துக் காட்டிய இடத்தைத் தோண்டித்தான் எடுக்கிறார்கள். விலை ஏறுவதற்குக் காரணம் அதுதான். மழையில்லாத கோடைக்குப் பின் வரும் பருவத்தில் விலை இரட்டிப்பதும் உண்டு.

சந்தையில் ஒரு துண்டைக் கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியது இவை. அழுத்தினால் கட்டியாக, மிக லேசாக மட்டும் இணங்க வேண்டும். பஞ்சு போல் அமுங்கினால் பழசு. மூக்கருகே கொண்டுபோனால் பூண்டும் தேனும் ஈர மண்ணும் கலந்த மணம் வர வேண்டும். மூக்கைச் சுடும் அமோனியா வாடை வந்தால் விட்டுவிடுங்கள். பள்ளங்களில் களிமண் அடைத்திருந்தால் மண்ணுக்கும் ட்ரஃபிள் விலை கொடுக்கிறீர்கள். தூரிகையால் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள், நல்ல வியாபாரி மறுக்க மாட்டார். ஆல்பா சந்தைக்குள் சரக்கை மோந்து தேர்வு செய்யும் நடுவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் அவர்களிடம் காட்டலாம்.

ஒரு தட்டுக்கு 7 முதல் 10 கிராம் போதும். இருவருக்கு 20 கிராமுள்ள ஒரே துண்டு வாங்குவது நல்லது. அதைச் சமைக்கவே கூடாது. சூடு பட்டால் மணம் பறந்துவிடும். அந்த ஊர் வழக்கம், ஒரு கிலோ மாவுக்கு முப்பது மஞ்சள் கருவரை சேர்த்துப் பிசைந்து நூலாய் அரிந்த தயாரின் என்ற பாஸ்தாவை வெண்ணெயில் புரட்டி, அதன்மேல் பச்சையாக ட்ரஃபிளைக் காகிதம் போலச் சீவுவது. உணவகத்தில் சாப்பிட்டால் சீவுவதற்கு முன்னும் பின்னும் தராசில் வைத்து எடை காட்டச் சொல்லுங்கள். அங்கே அது வழக்கம்தான், கூச்சப்பட வேண்டாம்.

வாங்கியது நாளுக்கு நாள் எடை குறையும், மணம் குறையும். கழுவாமல், சமையல் காகிதத்தில் சுற்றி, மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் வையுங்கள். காகிதத்தைத் தினம் மாற்ற வேண்டும். ஐந்து நாளுக்குள் தின்றுவிடுங்கள். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்வார்கள், அரிசி ஈரத்தை உறிஞ்சிக் காயவைத்துவிடும். அதைவிட டப்பாவில் முழு முட்டை இரண்டைச் சேர்த்து வையுங்கள். ஓட்டைத் தாண்டி மணம் ஏறி, மறுநாள் ஆம்லெட்டே ட்ரஃபிளாக மணக்கும். ஊருக்கு நினைவுப் பொருளாக ட்ரஃபிள் எண்ணெய் வாங்காதீர்கள். பெரும்பாலானவற்றில் இருப்பது ஆய்வுக்கூடத்தில் செய்த மணப்பொருள், ட்ரஃபிள் அல்ல.

கேள்வி: நாங்கள் முட்டைகூடத் தொடாத சைவக் குடும்பம். பாலாடைக்கட்டி பால்தானே என்று பிரா விழாவுக்குப் போக நினைக்கிறோம். சரியா?
— வாசகி, போ பாசேன்

பதில்: பால்தான், ஆனால் பாலைத் திரிக்க ஊற்றும் உறையில்தான் விஷயம் இருக்கிறது. ஐரோப்பாவின் பழைய பாலாடைக்கட்டிகளில் பெரும்பாலானவை கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட் கொண்டு உறைய வைத்தவை. கன்றை அறுத்துத்தான் அதை எடுக்க முடியும். பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்குக் கன்று ரென்னட்தான் போட வேண்டும் என்பது விதியே. கோர்கொன்சோலாவும் அப்படித்தான். "அதிலே சைவ வகை உண்டு" என்று யாராவது சொன்னால், அது அந்தப் பெயருக்கு உரிய பொருள் இல்லை.

ஆனால் விழாவுக்குப் போக வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஸ்பெயினிலும் போர்த்துகலிலும் சில ஊர்களில் ஆட்டுப்பாலைக் காட்டு முட்செடி ஒன்றின் ஊதாப் பூவை ஊறவைத்த நீரால் உறைய வைக்கிறார்கள். போர்த்துகலின் செர்ரா த எஸ்த்ரெலா, அசெய்தாவ், ஸ்பெயினின் தோர்த்தா தெல் கசார் இந்த வகை. செம்மறிப் பால், மேல்தோலை வட்டமாக வெட்டி எடுத்தால் உள்ளே கரண்டியால் அள்ளும் பதத்தில் குழைந்திருக்கும். ஓரத்தில் மெல்லிய கசப்பு. பிராவில் பிற நாட்டு உற்பத்தியாளர்களும் கடை போடுவார்கள், அவர்களைத் தேடிப் போங்கள். இத்தாலியக் கடைகளில் "காலியோ வெஜெதாலே?" என்று கேளுங்கள், தாவர உறையா என்று அர்த்தம். விழா நடப்பது தெருக்களில், உள்ளே போகக் கட்டணமில்லை. டூரினில் தங்கி ரயிலில் வந்து போகலாம். பச்சைப் பாலில் செய்த கட்டிகள்தான் இந்த விழாவின் பெருமை. ஆகவே கர்ப்பிணிகள் உடன் வந்தால் மென்மையான வகைகளைத் தொட வேண்டாம்.

கேள்வி: ஸ்பெயினில் தக்காளி எறியும் திருவிழாவுக்குப் பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். அங்கே என்ன சாப்பிடலாம்?
— வாசகர், ஃப்ளாக்

பதில்: தக்காளியைச் சாப்பிட முடியாது. புன்யோல் ஊரின் லா தொமாத்தினா ஆகஸ்ட் கடைசிப் புதன்கிழமை, ஒரு மணி நேரம் மட்டும். 2013 முதல் டிக்கெட் உண்டு. எறியும் முன் தக்காளியைக் கையால் நசுக்க வேண்டும் என்பது விதி. நசுக்காமல் எறிந்தால் கண் போகும். நீச்சல் கண்ணாடியும் வீசி எறியத்தக்க பழைய துணியும் போதும். சாப்பிடுவதற்கு வலென்சியா நகரத்துக்குத் திரும்பி மதியத்தில் பாயெல்லா என்ற அரிசிச் சாப்பாடு தின்னச் சொல்லுங்கள். இதை உணவுத் திருவிழா என்று நாங்கள் எண்ணுவதில்லை.

கேள்வி: கடல் ஊர்க்காரன் நான். அயர்லாந்தின் கால்வே சிப்பித் திருவிழா பற்றிச் சொல்லுங்கள். பச்சையாகத் தின்பது பயமில்லையா?
— வாசகர், மாஹேபூர்

பதில்: 1954 முதல் நடக்கும் விழா. செப்டம்பர் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் கடலின் பூர்வீகத் தட்டைச் சிப்பி கோடையில் முட்டையிடும். அப்போது சதை பாலாய்க் கரைந்து ருசி கெட்டிருக்கும். செப்டம்பரில் மறுபடி சதை பற்றும். ஆண்டு முழுவதும் கிடைக்கும் பசிபிக் சிப்பியும் அங்கே விற்கும், மலிவாகவும் இருக்கும். தட்டையானதைக் கேட்டு வாங்குங்கள். ஓடு வட்டமாக, தட்டையாக இருக்கும். ருசியில் செம்புக் காசை நாக்கில் வைத்தாற்போல ஒரு உலோகக் கூர்மை.

உயிரோடு இருப்பதைத்தான் தின்ன வேண்டும். ஓடு இறுக மூடியிருக்க வேண்டும். சற்றுத் திறந்திருந்தால் விரலால் தட்டுங்கள், மூடிக்கொள்ளாவிட்டால் குப்பைக்கு. திறந்ததும் உள்ளே தெளிந்த உப்பு நீர் நிற்க வேண்டும். காய்ந்திருந்தாலும் வாடை வந்தாலும் வேண்டாம். நீங்களே திறந்து பார்க்க ஆசைப்பட்டால் குழிந்த ஓடு கீழே இருக்கும்படி துணியில் பிடித்து, கூர்முனையில் இருக்கும் கீலுக்குள் கத்தியை நுழைத்துத் திருகுங்கள், தள்ளாதீர்கள். தள்ளினால் கத்தி வழுக்கி எதிர்க்கை உள்ளங்கையில் ஏறும். விழாவின் உலகப் போட்டியில் முப்பது சிப்பியை நிமிடக் கணக்கில் திறக்கிறார்கள். சதை கிழிந்தாலோ ஓட்டுத்தூள் விழுந்தாலோ நேரத்தில் தண்டனை கூடும்.

பயம் நியாயமானதுதான். கல்லீரல் நோய், சர்க்கரை, எதிர்ப்புசக்தி குறைவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பச்சைச் சிப்பி தின்னவே கூடாது. எலுமிச்சை பிழிந்தால் கிருமி சாகும் என்பது தவறு.

கேள்வி: ஐரோப்பாவுக்கெல்லாம் கையில் பணம் இல்லை. ஒரு வார இறுதியில் போய்வரும்படி ஏதாவது உண்டா?
— வாசகி, கத்ர் போர்ன்

பதில்: முக்கால் மணி நேர விமானப் பயணத்தில் ரீயூனியன் இருக்கிறது. உலகம் சுற்றுபவர்கள் விட்டுவிடுகிறார்கள், நாமும் பக்கத்திலிருந்து கவனிப்பதில்லை. அங்கே ஒவ்வொரு மலையூரும் தன் மண்ணில் விளைவதற்கு ஒரு விழா எடுக்கிறது. மொரிஷியஸ் தமிழருக்கு அதில் தனி ருசி உண்டு. நம் வீட்டுப் புழக்கத்தில் இருப்பதையே அவர்கள் வேறு விதமாகச் சமைத்து வைத்திருப்பார்கள்.

ஜூனில் பிளேன் தே பால்மிஸ்த்தில் கோயாவியே விழா. நாம் ப்ளேன் ஷாம்பாய்ன் பக்கம் போய்ப் பறித்து, உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்னும் கோயாவ் த ஷீன் என்ற சிவப்புக் குட்டிக் கொய்யா அதேதான். அங்கே ஜெல்லி, சாறு, பழச்சாராயம், வாத்தோடு சமைத்த குழம்பு வரை செய்கிறார்கள். ஜெல்லி வாங்கும்போது பாட்டிலைச் சாய்த்துப் பாருங்கள். மெல்ல நழுவினால் நல்ல பதம், கல்லாய் நின்றால் அதிகம் காய்ச்சியது, சர்க்கரை கருகிய கசப்பு இருக்கும்.

ஜூலையில் ஆந்த்ர்-தே ஊரில் ஷோக்கா விழா. ஷோக்கா என்றால் என்ன என்று கேட்காதீர்கள், நம் தீவில் சர்க்கரை மூட்டைக்கு நார் எடுத்த "அலோ" இனம்தான். அதை நாம் சாக்கு நெய்ய வைத்துக்கொண்டோம், அவர்கள் நடுக்குருத்தைத் தின்னக் கற்றுக்கொண்டார்கள். சாறு தோலை அரிக்கும். கையுறை போட்டுத்தான் உரிப்பார்கள். குருத்தை மெல்லிசாக அரிந்து, தண்ணீரை மாற்றி மாற்றிப் பலமுறை வேகவைத்துக் கசப்பை எடுத்த பிறகே மசாலாவில் போடுவார்கள். ஒரு தண்ணீர் குறைந்தாலும் தொண்டை அரிக்கும். விழாவில் பக்குவம் தெரிந்த கைகள் சமைக்கின்றன, அங்கேயே தின்று பாருங்கள். வீட்டில் முதல்முறை நீங்களாக முயல வேண்டாம்.

ஆகஸ்டில் தெற்கே எரிமலை அடியில் சேன் ஃபிலிப்பில் வக்கோவா விழா. வக்கோவா நம் தாழைக்கு நெருங்கிய உறவு. ஓலையில் கூடை பின்னுவார்கள். பிஞ்சுக் காயைப் "பேன்பேன்" என்று கறிவைப்பார்கள், வெண்மையான உள்பகுதி பலாப்பிஞ்சுக்கும் கிழங்குக்கும் நடுவே ஒரு ருசி. நாங்கள் ஒன்றுக்கு மட்டும் போகச் சொல்ல வேண்டுமென்றால் இதற்குத்தான் சொல்வோம். நவம்பரில் பிளேன் தே க்ரெக் ஊரில் மஞ்சள் விழா. அங்கேயும் மஞ்சளுக்கு "சாஃப்ரான்" என்றே பெயர், குங்குமப்பூ என்று நினைத்துவிடாதீர்கள். அக்டோபர் அல்லது நவம்பரில் சேன் தாந்த்ரேயில் தீபாவளி ஊர் விழாவாகவே நடக்கும்.

ஒரு எச்சரிக்கை. ரீயூனியன் ஐரோப்பியச் சட்டத்துக்கு உட்பட்டது. உறவினருக்கென்று நெய், பால்கோவா, பன்னீர், இறைச்சி, பழம், கீரை, செடி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். விமான நிலையத்தில் பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள், அபராதமும் வரலாம். திரும்பும்போதும் மஞ்சள் கிழங்கோ விதையோ முன் அனுமதி இல்லாமல் கொண்டுவரக் கூடாது. பாட்டிலில் அடைத்த ஜெல்லியும், உலர்த்திப் பொடித்து அடைத்த மஞ்சளுமே வசதி, அதையும் கேட்டால் மறைக்காமல் காட்டுங்கள்.

கேள்வி: ரீயூனியனிலிருந்து எழுதுகிறேன். அடுத்த காவடிக்கு உங்கள் தீவுக்கு வந்து "செத் காரி" என்ற ஏழு கறிச் சாப்பாடு சாப்பிட வேண்டும் என்று ஆசை. பிறகு இங்கே வீட்டில் நாற்பது பேருக்குச் சமைத்துப் போடவும் எண்ணம். அளவு சொல்வீர்களா?
— வாசகி, சேன் பியேர்

பதில்: வாருங்கள். கத்ர் போர்னில் கோர் த கார்த் மலைமேல் இருக்கும் முருகன் கோயிலுக்குப் போங்கள். ஊர்வலம் முடிந்து பால் அபிஷேகம் ஆனதும் பந்தி. கட்டணம் கிடையாது, அன்னதானம். உண்டியலில் போடுவது உங்கள் விருப்பம். காலையிலிருந்து வெறுங்காலோடு வெயிலில் நடந்து வந்தவர்களுக்கே முதல் பந்தி. அவர்கள் எழுந்த பிறகு உட்காருவது மரியாதை.

ஏழு எவை என்பது வீட்டுக்கு வீடு மாறும். பரங்கிக்காய், வாழைக்காய், பலாப்பிஞ்சு, கத்தரிக்காய், உருளை அல்லது அவரை, பருப்பு, ரசம் என்பது ஒரு வழக்கமான கூட்டு. அதோடு மாங்காய் ஊறுகாய், அப்பளம், பாயசம். நாற்பது பேருக்குப் பச்சரிசி 4 கிலோ போதும், கறி ஏழு இருப்பதால் சோறு குறைவாகத்தான் போகும். பரங்கிக்காய் 3 கிலோ, கத்தரிக்காய் இரண்டரைக் கிலோ, வாழைக்காய் 25, முழுப் பலாப்பிஞ்சு 5 கிலோ (தோலும் நடுத்தண்டும் போனால் பாதிக்கும் குறைவுதான் நிற்கும்), பருப்பு ஒன்றரைக் கிலோ.

பலாப்பிஞ்சை முதலில் முடியுங்கள். கத்திக்கும் இரண்டு கைக்கும் எண்ணெய் தடவிக்கொண்டே வெட்ட வேண்டும். பால் ஒட்டிய கையைத் தண்ணீரில் கழுவினால் இன்னும் பரவும், எண்ணெய்த் துணியால் துடையுங்கள். வெட்டியது உடனே மஞ்சள் கரைத்த தண்ணீருக்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் கறுக்கும். வாழைக்காய்க்கும் அதே தண்ணீர். பரங்கிக்காய்க்குத் தண்ணீரே வேண்டாம். கடுகு, காய்ந்த மிளகாய் தாளித்து, காயைப் போட்டு மூடி, சிறு தீயில் அதன் நீரிலேயே வெந்து குழையட்டும். உப்பைக் கடைசியில் போடுங்கள். முதலிலேயே போட்டால் நீர் பிரிந்து குழம்பாகிவிடும். கத்தரிக்காயைப் பந்திக்கு ஒரு மணி நேரம் முன்பு செய்தால் போதும், முன்கூட்டியே செய்தால் நிறம் செத்துப்போகும்.

இலையை இப்போதே சொல்லி வையுங்கள். காவடி வருவது சூறாவளிப் பருவத்தில். ஒரு காற்று அடித்தால் தோட்டத்து இலையெல்லாம் நாராய்க் கிழிந்துவிடும். கடைசி நேரத்தில் கிழியாத இலைக்கு அலைய வேண்டியிருக்கும். வெட்டிய இலையைத் தணலில் ஒருமுறை காட்டினால் வளையும், மடித்தால் கிழியாது.

ரசம் எட்டு லிட்டர். புளி 200 கிராம், தக்காளி ஒன்றரைக் கிலோ, வேகவைத்த பருப்புத் தண்ணீர் ஒரு லிட்டர், மிளகு 20 கிராம், சீரகம் 25 கிராம், உப்பு 75 கிராமில் தொடங்கி ருசி பார்த்துக் கூட்டுங்கள். மிளகையும் சீரகத்தையும் அப்போது இடித்துப் போட வேண்டும், நேற்றைய பொடிக்கு மணம் இருக்காது. புளித்தண்ணீரும் தக்காளியும் பச்சை வாசனை போகக் கொதித்த பிறகு பருப்புத் தண்ணீரையும் இடித்ததையும் சேருங்கள். இதற்குமேல் கொதிக்கக் கூடாது. பாத்திரத்தின் ஓரத்தில் நுரை கட்டி, நடுவுக்கு வந்து கூடும் நொடியில் இறக்கிக் கொத்தமல்லியைத் தூவி மூடுங்கள். அந்த நுரையைப் பார்க்க ஒருவரை அடுப்பருகிலேயே நிறுத்தி வையுங்கள். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.